பன்றி வளர்ப்போர் அறிய வேண்டிய ஆங்கிலச் சொற்கள்

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் முன்பு ஏர் ஓடிய நிலங்களில் பெரும் பகுதி இன்று வீட்டு மனைகளாகி விட்டது. மிச்சமிருக்கும் பத்து, இருபது சென்ட் நிலத்தை வைத்துக் கொண்டு காலம் தள்ளும் சிறு விவசாயிக்கு ஆடு, மாடு, கோழிதான் துணை. அவர்களில் சிலர் வெண்பன்றி வளர்ப்பில் இறங்குகிறார்கள். சென்னை ஓட்டல்களின் மிச்சமும், கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவும் பக்கத்திலேயே கிடைப்பது இவ்வட்டாரத்துக்கு ஒரு வசதி.

இறங்கியவுடன் பலர் தடுமாறுவது சொற்களில்தான். குட்டி விற்பவர் தரும் சீட்டு, வங்கிக் கடன் மனு, இன்சூரன்ஸ் படிவம், தீவன மூட்டை, மருந்துப் புட்டி எல்லாவற்றிலும் ஆங்கிலமே இருக்கிறது. மாட்டுக்குக் காளை, எருது, பசு, கிடேரி, கன்று என்று தனித்தனிப் பெயர் சொல்லும் விவசாயி, பன்றிக்கு 'பன்றி', 'குட்டி' என்ற இரண்டு சொற்களோடு நின்று விடுகிறார். தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல், பன்றியின் குட்டியைக் 'குருளை' என்றும், பெண்ணைப் 'பிணவு' என்றும், ஆணை 'ஒருத்தல்' என்றும் சொல்ல இடம் தருகிறது. கேழல், ஏனம் என்ற பெயர்களும் இருந்தன. பன்றி வளர்ப்பதை ஊரார் இழிவாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு இந்தச் சொற்களைப் பேசுவாரும் குறைந்து போயினர். இழப்பு மொழிக்கு மட்டுமல்ல, பன்றி வளர்ப்பவரின் பைக்கும்தான்.

ஒரு சொல்லின் பொருளை நன்றாகப் பிடித்துக் கொள்ள, அதை மூன்றாவது மொழி ஒன்றிலும் வைத்துப் பார்ப்பது நலம். அதற்கு ஐரோப்பாவிலுள்ள ஹங்கேரி நாடு பொருத்தமானது. அங்கே கிராமத்துக் குடும்பங்கள் வீட்டுக் கொல்லையில் பன்றியைக் கொழுக்க வைத்து, குளிர்காலத்தில் உறவும் அண்டை வீட்டாரும் கூடி அடித்து, வருஷத்துக்கான கொழுப்பும் இறைச்சியும் சேர்த்து வைப்பது நெடுநாள் வழக்கம். மண்ணை முன்னோக்கிக் கிளறுவதால் பன்றி அதிர்ஷ்டத்தை வெளியே தள்ளிக் கொண்டு வரும் என்று புத்தாண்டில் பன்றி இறைச்சி உண்பார்கள். ஒருவனுக்கு யோகம் அடித்தால், 'அவனிடம் பன்றிக்குட்டி இருக்கிறது' என்பது அவர்கள் பேச்சு. அப்படிப்பட்ட நாட்டில் பன்றிக்குச் சொற்கள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை. தமிழைப் போலவே ஹங்கேரிய மொழியும் சொல்லோடு சொல்லை ஒட்டிக் கொண்டு போகும் மொழி என்பதால், ஒப்பிடுவதும் எளிது.

தாயும் ஆணும் குட்டியும்

குட்டி போட்டுப் பழகிய பெண் பன்றி ஆங்கிலத்தில் 'சௌ'. தமிழில் தாய்ப்பன்றி, ஹங்கேரியில் 'கோட்சா'. இதில் ஒரு சிக்கல். விதைப் பாக்கெட்டின் மேல் 'விதைக்கவும்' என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே மூன்று எழுத்துகளைத்தான் போடுவார்கள். அங்கே அதை 'ஸோ' என்று படிக்க வேண்டும். பன்றிச் சீட்டில் 'சௌ' என்று படிக்க வேண்டும்.

இதுவரை ஒரு முறையும் குட்டி போடாத இளம் பெண் பன்றி 'கில்ட்'. மாட்டில் கிடேரி எதுவோ, பன்றியில் கில்ட் அது. ஹங்கேரியர் இதற்குத் தனிச் சொல் தேடாமல், வளரும் பன்றிக்கு உள்ள 'ஷுல்டோ' என்ற சொல்லைத் தாய்ப்பன்றியோடு ஒட்டி, 'கோட்சாஷுல்டோ' என்று விடுகிறார்கள். தமிழிலும் 'கிடேரிப் பன்றி' என்று வைத்துக் கொண்டால் யாருக்கும் குழப்பம் வராது. சௌ என்றும் கில்ட் என்றும் பிரித்தறிவது வீண் வேலை அல்ல. கில்ட் வாங்குபவர், அது குட்டி போடுமா, எத்தனை போடும், பால் கொடுக்குமா என்று தெரியாமல் வாங்குகிறார். சௌ வாங்குபவர், முந்தைய ஈற்றுக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். 'பாரிட்டி 3' என்று அட்டையில் இருந்தால் மூன்று ஈற்று முடிந்தது என்று பொருள். பாரிட்டி 7, 8 என்றிருந்தால் விலை குறைய வேண்டும். இன்சூரன்ஸ் படிவத்திலும் இந்தச் சொல்லைப் பார்த்தே மதிப்புப் போடுவார்கள்.

இனச்சேர்க்கைக்கு வைத்திருக்கும் ஆண், ஆங்கிலத்தில் 'போர்', ஹங்கேரியில் 'கான்'. ஆழ்குழாய்க் கிணற்றையும் வைக்கோல் அடுக்கையும் போர் என்று சொல்லிப் பழகிய ஊரில் இந்தச் சொல் சிரிப்பை வரவழைக்கும். பொலி பன்றி என்று சொல்லி விடலாம். இளமையிலேயே விதை நீக்கப்பட்ட ஆண் 'பேரோ', ஹங்கேரியில் 'ஆர்டான்ய்'. மாட்டில் காளைக்கும் எருதுக்கும் உள்ள வேற்றுமை இதில் இருக்கிறது. விதை நீக்காத ஆணின் இறைச்சியில் ஒருவித வீச்சம் வரும். இறைச்சிக்காக வாங்குபவர் பேரோ கேட்பது அதனால்தான். குட்டிகளை வாங்கும்போது ஆண் குட்டிகள் விதை நீக்கியவையா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

'ஹாக்' என்ற சொல்லைப் புத்தகங்களில் பார்க்கலாம். அமெரிக்காவில் அது சந்தைக்குத் தயாரான எந்தப் பன்றியையும் குறிக்கும். இங்கிலாந்தில் விதை நீக்கிய ஆணைக் குறித்தது. இரண்டு அர்த்தம் உள்ள சொல்லை நம்பி ஒப்பந்தம் செய்யக் கூடாது.

பால் குடிக்கும் குட்டி 'பிக்லெட்', ஹங்கேரியில் 'மலாட்ஸ்'. தாயிடமிருந்து பிரித்த குட்டி 'வீனர்'. அதற்குப் பிறகு 'குரோயர்', கடைசியில் விற்பனைக்குக் கொழுக்க வைக்கும் 'ஃபினிஷர்'. ஹங்கேரியர் கடைசிக் கட்டத்துப் பன்றியை 'ஹீஸோ' என்பர்; கொழுத்துக் கொண்டிருப்பது என்று அர்த்தம். தீவன மூட்டையில் இதே சொற்கள்தான் வருகின்றன. குட்டித் தீவனத்தில் புரதம் சுமார் 20 சதவீதமும், குரோயர் தீவனத்தில் 18 சதவீதமும், ஃபினிஷர் தீவனத்தில் 16 சதவீதமும் இருக்க வேண்டும். ஃபினிஷர் மூட்டையை வீனருக்குப் போட்டால் குட்டி தேங்கி விடும். குட்டித் தீவனத்தைப் பெரிய பன்றிக்குப் போட்டால் காசு தேங்கி விடும்.

குட்டித் தீவனத்துக்கு 'கிரீப் ஃபீட்' என்றும் பெயர். கிரீப் என்றால் ஊர்தல், நுழைதல். தாய் நுழைய முடியாத சின்னச் சந்து ஒன்றை வைத்து, குட்டிகள் மட்டும் உள்ளே ஊர்ந்து போய்த் தின்னும்படி செய்வதால் அந்தப் பெயர். பெயரிலேயே வேலை முறையும் இருக்கிறது. தாயோடு ஒரே தொட்டியில் இதைக் கொட்டினால், குட்டிக்கு ஒரு வாயும் கிடைக்காது.

ஈற்றில் கடைசியாக வந்த, மெலிந்த குட்டிக்கு ஆங்கிலத்தில் 'ரன்ட்' என்பார்கள். இதற்குத் தமிழில் அருமையான சொல் உண்டு: சவலை. தாய்ப்பால் சரியாகக் கிடைக்காத பிள்ளையைச் சவலை என்பது போலவே, பால் சுரப்பு நன்றாயிருக்கும் முன் காம்புகள் கிடைக்காமல் பின்காம்பில் ஒட்டிக் கிடக்கும் குட்டி இது.

சினையும் ஈற்றும்

தாய்ப்பன்றி அட்டையில் 'டேட் ஆஃப் சர்வீஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். சர்வீஸ் என்றதும் மோட்டார் வண்டி நினைவு வருவது இயல்பு. ஆணோடு இணை சேர்த்த நாளை அதில் எழுத வேண்டும். 'ஹீட்' என்பது காய்ச்சல் சூடு அல்ல, சினைப்பருவம். அது 21 நாளுக்கு ஒரு முறை வரும். இரண்டு மூன்று நாள் இருக்கும். 'இன்-பிக்' என்றால் சினையாயிருக்கிறது.

சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மனத்தில் வைத்துக் கொண்டால் மறக்காது. ஹங்கேரியிலும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஜனவரி 10-ல் இணை சேர்த்த பன்றியை ஜனவரி 31-ல் கவனித்துப் பார்க்க வேண்டும். அப்போது மீண்டும் பருவத்துக்கு வராவிட்டால் சினை தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மே 4 வாக்கில் குட்டி எதிர்பார்க்கலாம்.

குட்டி ஈனுவதை ஆங்கிலத்தில் 'ஃபாரோயிங்' என்பர். இது பன்றிக்கே உரிய சொல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேறு சொற்கள். ஹங்கேரியில் 'ஃபியாலாஷ்'. இந்த ஹங்கேரியச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுத்து வைத்த பணம் வட்டி ஈனுவதற்கும் அதே வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 'வட்டி குட்டி போடுகிறது' என்று தமிழ் விவசாயி அலுத்துக் கொள்வதை அவர்கள் கேட்டால் உடனே புரிந்து கொள்வார்கள்.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து 'லிட்டர்'. பால் அளக்கும் லிட்டர் இதற்குச் சம்பந்தமில்லை. கொட்டகைத் தரையில் பரப்பும் வைக்கோல், மரத்தூள் படுக்கைக்கும் ஆங்கிலத்தில் லிட்டர் என்றே பெயர். கோழிப்பண்ணை வைத்திருப்போர் அறிவர். ஹங்கேரிய மொழியிலும் 'அலோம்' என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் குறிக்கிறது. தமிழில் ஈற்று வேறு, படுக்கை வேறு என்று தெளிவாக இருக்கிறது. 'லிட்டர் சைஸ் 10' என்று சீட்டில் கண்டால் ஓர் ஈற்றுக்கு 10 குட்டி. இதோடு நிற்காமல், பிரிக்கும் வயதில் எத்தனை குட்டி உயிரோடிருந்தன என்றும் கேட்க வேண்டும். அதற்கு 'லிட்டர் சைஸ் அட் வீனிங்' என்று பெயர். பத்து போட்டு ஐந்தை மேலே படுத்து நசுக்கிய தாய்ப்பன்றியை விட, எட்டு போட்டு எட்டையும் காத்தது மேல். நசுக்குவதைத் தடுக்க ஈற்றறையில் சுவரை ஒட்டித் தடுப்புக் கம்பி வைப்பது வழக்கம்.

இனத்தின் பெயர்களிலும் கவனம் தேவை. 'லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர்' என்பது இங்கிலாந்திலிருந்து வந்த வெண்பன்றி. அதையும் நாட்டுப் பன்றியையும் கலந்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய இனம் 'டானுவாஸ் கே.பி.எம். கோல்டு'. இதில் யார்க்ஷயர் இரத்தம் 75 சதவீதம், நாட்டு இரத்தம் 25 சதவீதம். கே.பி.எம். என்பது அதை உருவாக்கிய காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். மாங்காட்டுக்காரர்கள் இதைக் கேட்டதும் பூந்தமல்லி சாலையில் உள்ள காட்டுப்பாக்கத்துக்குப் புறப்பட்டு விடக் கூடாது. ஆராய்ச்சி நிலையம் இருப்பது ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், பொத்தேரி அருகேயுள்ள காட்டுப்பாக்கம்.

ஹங்கேரியின் பேர் பெற்ற இனம் 'மங்கலிட்சா'. ஆட்டுக்கு இருப்பது போல் உடம்பெல்லாம் சுருள் முடி. 1830-களில் உருவான இந்த இனம் 'லார்டு டைப்', அதாவது கொழுப்புக்காக வளர்க்கும் வகை. தாவர எண்ணெய் பெருகி, கொழுப்பில்லாத இறைச்சிக்கு மவுசு வந்ததும், 1990-களின் தொடக்கத்தில் தாய்ப்பன்றிகள் இருநூறுக்கும் குறைவாகி அழியும் நிலைக்குப் போயிற்று. பிறகு உலர்த்திய தொடை இறைச்சிக்கு நல்ல விலை கிடைத்ததால் பிழைத்துக் கொண்டது. மாங்காட்டுக்கும் மங்கலிட்சாவுக்கும் ஓசையில்தான் ஒற்றுமை. இங்குள்ள வெக்கைக்கு அந்தச் சுருள் முடி ஆகாது.

எடை பேசும்போது

'லைவ் வெயிட்' என்பது உயிரெடை. 'டிரஸ்டு வெயிட்' என்பது அடித்து, குடல் முதலியவற்றை நீக்கிய பின் உள்ள எடை. நன்கு வளர்ந்த வெண்பன்றியில் இது உயிரெடையில் 70 முதல் 75 சதவீதம் வரை தேறும். வியாபாரி கிலோ 200 ரூபாய் என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். 90 கிலோ பன்றிக்கு உயிரெடைக் கணக்கில் 18,000 ரூபாய். 72 சதவீதம் என்று கொண்டால் இறைச்சி எடை 65 கிலோ; அந்தக் கணக்கில் 13,000 ரூபாய். ஒரு சொல்லைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு பன்றியில் 5,000 ரூபாய் போய் விடுகிறது. விலையைப் பேசும் முன் எந்த எடை என்று கேட்க வேண்டும்.

இறைச்சிக்கு ஆங்கிலத்தில் 'போர்க்' என்று வேறு பெயர். வளர்த்த குடியானவன் ஆங்கிலப் பெயரால் அழைத்ததை, மேசையில் உண்ட பிரபு பிரெஞ்சுப் பெயரால் அழைத்ததில் வந்த பிரிவு இது. ஹங்கேரியில் பன்றி 'டிஸ்நோ', பன்றி இறைச்சி 'டிஸ்நோஹூஷ்'. தமிழில் பன்றி, பன்றிக்கறி என்று சொல்வது போலத்தான்.

ஒரே காய்ச்சல் என்று எண்ணி விடாதீர்கள்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பணம் போகும். இனிச் சொல்வதில் தவறினால் கொட்டகையே காலியாகும்.

தமிழ்ப் பேச்சிலும் செய்தியிலும் 'பன்றிக் காய்ச்சல்' என்ற ஒரே பெயரால் மூன்று நோய்கள் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் ஒன்று 'ஸ்வைன் ஃப்ளூ', மற்றொன்று 'கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்', மூன்றாவது 'ஆப்பிரிக்கன் ஸ்வைன் ஃபீவர்'. மூன்றையும் உண்டாக்கும் கிருமிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஹங்கேரியர் முதலாவதை 'ஷெர்டேஷ்இன்ஃப்ளுயன்ஸா' என்றும், மற்ற இரண்டையும் 'ஷெர்டேஷ்பெஷ்டிஷ்' என்றும் பிரிக்கிறார்கள். ஷெர்டேஷ் என்பது பன்றிக்கு உள்ள வியாபாரப் பெயர். பெஷ்டிஷ் என்றால் கொள்ளை நோய். பெயரைக் கேட்டவுடனே எது சளிக்காய்ச்சல், எது கொள்ளை நோய் என்று அவர்களுக்குத் தெரிந்து விடுகிறது.

2009-ல் உலகெங்கும் பரவியது ஸ்வைன் ஃப்ளூ. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய காய்ச்சல். பெயரில் பன்றி இருந்ததால் எகிப்து அரசு அந்த நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளை அழிக்க உத்தரவிட்டது. அப்போது அங்கே ஒருவருக்குக் கூட அந்த நோய் வந்திருக்கவில்லை. கெய்ரோ நகரின் குப்பையைச் சேர்த்து, உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டுப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. தின்னப் பன்றியில்லாமல் தெருவில் கழிவு குவிந்தது. ஒரு பெயர் செய்த வேலை இது.

கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் மனிதரைத் தொடாது, பன்றியைக் கொல்லும். பழைய புத்தகங்களில் இதற்கே 'ஹாக் காலரா' என்று பெயர். மனிதருக்கு வரும் காலராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. தவறாமல் போட வேண்டும்.

ஆப்பிரிக்கன் ஸ்வைன் ஃபீவரும் மனிதருக்கு வராது. பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது, மருந்து கிடையாது. 1921-ல் கென்யாவில் கண்டறிந்த இந்நோய் 2018-ல் ஹங்கேரியின் காட்டுப்பன்றிகளிலும், 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசப் பண்ணைகளிலும் தெரிந்தது. 2022-ல் கேரளத்தின் வயநாட்டுக்கு வந்தது. 2023 ஜனவரியில் நீலகிரியின் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதனால் மடிந்தன. 2024-ல் இலங்கைப் பண்ணைகளையும் தாக்கியது.

'பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டாகி விட்டது' என்று ஒரு விவசாயி நிம்மதியாக இருக்கக் கூடும். புட்டியின் மேல் 'கிளாசிக்கல்' அல்லது வெறுமனே 'ஸ்வைன் ஃபீவர் வாக்சின்' என்று இருந்தால், அது முதலில் சொன்ன கொள்ளை நோய்க்கு மட்டுமே. ஆப்பிரிக்க நோயை அது ஒரு துளியும் தடுக்காது. அதைத் தடுப்பது கொட்டகையின் கட்டுப்பாடுதான். அந்தக் கட்டுப்பாட்டில் முக்கியமான சொல் 'ஸ்வில்'.

ஸ்வில் என்பது சமையலறை மிச்சம். தமிழில் கழுநீர், எச்சில் உணவு. ஹங்கேரியில் 'மோஷ்லேக்'. ஓட்டல் மிச்சத்தில் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருந்தால், அதில் கிருமி மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். உப்பிட்டாலும், குளிர்ப் பெட்டியில் வைத்தாலும் சாகாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பன்றிக்கு ஸ்வில் போடுவதையே தடை செய்து விட்டார்கள். இங்கே அதை நம்பித்தான் சிறு பண்ணைகள் ஓடுகின்றன. அப்படியானால் வேக வைத்தே போட வேண்டும். உலக விலங்கு நல அமைப்பு சொல்லும் அளவு, 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், கிளறிக் கொண்டே, 60 நிமிடம். விறகுச் செலவு பார்த்து லேசாகச் சூடு காட்டி இறக்கினால் பயனில்லை. வேக வைக்காத மிச்சம் வந்த வாளியை, வேக வைத்ததற்குப் பயன்படுத்தவும் கூடாது. காய்கறிக் கழிவு மட்டும் வாங்குவோருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் இறைச்சி கலக்காமல் பார்த்துக் கொண்டால் போதும்.

'கல்லிங்' என்ற சொல்லையும் இங்கே சொல்லி விட வேண்டும். பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் அது வயதான, பயனற்ற பன்றியைக் கழித்து விற்பது. நோய்க் காலத்து அரசு அறிவிப்பில் அதே சொல்லுக்குக் கூண்டோடு அழிப்பது என்று பொருள். ஆப்பிரிக்க நோய் உறுதியானால் அந்தப் பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்திலுள்ள பன்றிகளை அழித்து, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். மாங்காட்டில் ஒரு கொட்டகையில் வந்தால் குன்றத்தூரும் பூந்தமல்லியும் அந்தக் கண்காணிப்பு வட்டத்தில் விழும். அழித்த பன்றிக்கு இழப்பீட்டுத் திட்டம் உண்டு. தானாகச் செத்ததற்கும், பயந்து இரவோடிரவாக விற்றதற்கும் அது கிடைக்காது. நோய்ப் பன்றியை அவசரமாக விற்பவர் அடுத்த ஊரின் கொட்டகையையும் சேர்த்துக் காலி செய்கிறார்.

பன்றிகள் தீவனம் எடுக்காமல் படுத்து, காய்ச்சல் கண்டு, காதும் அடிவயிறும் சிவந்து அல்லது நீலம் பாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற இலவசத் தொலைபேசிக்கோ உடனே சொல்ல வேண்டும். சொல்லும்போது 'பன்றிக் காய்ச்சல்' என்று நோய்க்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. எத்தனை சௌ, எத்தனை வீனர், எத்தனை ஃபினிஷர் இருந்தன, எந்தத் தேதியிலிருந்து எத்தனை செத்தன, கிளாசிக்கல் தடுப்பூசி போட்டது எந்த மாதம், கடைசியாக எந்த ஓட்டலின் மிச்சம் வந்தது, புதிதாக வாங்கிய பன்றி எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறித்து வைத்துச் சொன்னால் போதும். மருத்துவர் வரும் வரை பன்றியோ, கறியோ, வாளியோ, வைக்கோலோ கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது.